அக்கா திருத்திய கடைசி நோட்டுகள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவின் வாழ்க்கையோடு, நான் ஓராண்டாக மறைத்து வைத்த ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

அக்கா பொழிச்சலூரில் பிறந்தார். திருமுடிவாக்கத்தில் லேத் இயந்திரம் ஓட்டிய அப்பா காலமானபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த அக்காதான் என்னைப் படிக்க வைத்தார். திருமணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்தேழு ஆண்டுகள் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை. சதவீதம் நடத்தும் நாளில் துணிக்கடை விளம்பரத் தாளோடு போவார். “அம்பது சதவீதம் தள்ளுபடி, அதுக்கு மேல இருபது. மொத்தம் எவ்ளோ?”

“எழுபது மிஸ்!” என்று வகுப்பே கத்தும்.

“நூறு ரூபா துணி வாங்கிப் பாருங்க” என்பார். முதலில் ஐம்பது குறையும். மீதி ஐம்பதில்தான் இருபது சதவீதம், அது பத்து. ஆக, அறுபதுதான்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, கை திரும்பியது. எண்கள் திரும்பவில்லை. அதை என்னைத் தவிர யாரிடமும் சொல்லாமல் மூன்றாம் மாதமே பள்ளிக்குப் போனார். தினமும் காலையில் செய்தித்தாளை மடித்துக் காட்டி அக்காவுக்கு நான் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். “அரையும் காலும்?” என்றால் “முக்கால்” என்று பட்டென்று வரும். அதையே எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும்.

“சொன்னா வருதுடி, எழுதப் போனா ஓடிடுது. இதுவும் போயிட்டா அப்புறம் நான் யாரு?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒரு சனிக்கிழமை மதியம் நோட்டுகளைத் திருத்திவிட்டு அப்படியே தூங்கிப்போனார். அடுக்கி வைக்கப்போன நான் ஒன்றைத் திறந்தேன். அரையோடு காலைக் கூட்டினால் ஆறில் இரண்டு என்று இருந்தது. மேலெண்களைத் தனியாக, கீழெண்களைத் தனியாகக் கூட்டும் தவறு. பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் அக்கா திருத்தும் தவறு அது. மற்ற நோட்டுகளையும் புரட்டினேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் அதே விடை. சரி என்று குறி. கரும்பலகையில் எழுதிப்போட்டது அக்காதான் என்று புரிந்தது. ஒரே ஒரு மாணவி முக்கால் என்று எழுதியிருந்தாள். அவளுக்கு மட்டும் சிவப்பு மையில் தப்பு.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையைப் பார்த்துச் சொன்னேன். “இனிமே தெரியாத மாதிரி நான் இருக்க முடியாதேம்மா” என்றார். அன்றே அக்காவைப் பள்ளி நூலகத்துக்கு மாற்றினார்கள்.

மாலையில் அக்கா கேட்டார்: “யாருடி சொல்லியிருப்பாங்க? அந்தப் பொண்ணுதான். நான் தப்பு போட்டேன்ல, அந்தக் கோவம்.”

நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா சாப்பாட்டைக் குறைத்தார், மாத்திரைகளை ஒதுக்கினார். ஐந்தாவது வாரம் மீண்டும் பக்கவாதம். இரண்டே நாளில் போய்விட்டார்.

இறுதிச் சடங்கன்று அந்த மாணவி தன் தாயோடு வந்தாள். “மிஸ் என்னைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கினு போனாங்க ஆன்ட்டி. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல” என்று தேம்பினாள். அவள் தலையைத் தடவினேன். அப்போதும் சொல்லவில்லை.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், மருத்துவர்களுக்கும், அக்காவுடன் பணியாற்றிய ஆசிரியர்களுக்கும் எங்கள் நன்றி. அந்த மாணவியின் வீட்டுக்கு இந்த மலரை நானே எடுத்துச் செல்வேன். சொன்னது நான்தான் மகளே. அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு ஐந்து வாரங்கள் இருந்தன.