சிவப்பு பியரும் ஒரு தேநீர் நாக்கும்

போன ஞாயிறு காலைப் பூசை முடிந்து, கோயில் வாசலில் நாலு பேரிடம் சுகம் விசாரித்துவிட்டு, நேரே போய் பியர் குடித்தேன்.

இதை நானே முதலில் சொல்லிவிடுவதுதான் நல்லது. உக்குவளைச் சந்தியில் நான் ஓட்டோ பிடித்ததைப் பார்த்தவர்கள் மாத்தளை டவுன் வரைக்கும் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். நம்மூரில் செய்தி போக பஸ் தேவையில்லை.

ஆனால் ஒரு திருத்தம். நான் போனது பியர் குடிக்க அல்ல — ருசி பார்க்க. இரண்டும் ஒன்றுதானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்...

அழைத்தவர் ஜெரோம். எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவர். என்னைவிட நன்றாக இளையவர். முன்பு ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நியூசிலாந்து போய், அங்கே ஒரு சின்ன பியர் தொழிற்சாலையில் சில வருடம் வேலை செய்தார். போகும்போது மெஷின் பைத்தியம். திரும்பி வந்தபோது பியர் பைத்தியம். குடிப்பதில் அல்ல, காய்ச்சுவதில்.

உக்குவளைக்கு மேலே மலைச்சரிவில் ஒரு சின்ன ஹோட்டல் இருக்கிறது. அதன் முதலாளி சோமரத்ன மஹத்தயா, ஓடியாடி லைசன்ஸ் எடுத்து, ஹோட்டலின் பின்பக்கம் பளபளவென்று பியர் காய்ச்சும் தாங்கிகளை நிறுத்தி, ஜெரோமை வேலைக்கு வைத்தார். ஜெரோம் அங்கே காய்ச்சிய முதல் சரக்கு இந்தச் சிவப்பு பியர்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது? சாயம் இல்லை. முளைகட்டி வறுத்த பார்லியிலிருந்து. கசப்பும் வாசமும்? அது ஹொப்ஸ் என்கிற கொடியின் பூவிலிருந்து. காய்ந்த பச்சைப் பூ. நம் நாட்டில் விளையாது, பொதியில் வரும். அதைத் தாராளமாக அள்ளிப் போட்ட பியர் இது. இவ்வளவையும் ஜெரோம் எனக்குப் பாட்டுப் பயிற்சிக்கு நடுவில் சொல்லிக் கொடுத்தார். அதனால்தான் அந்த வாரம் நாங்கள் இருவரும் சுதி விலகிப் பாடினோம்.

சிக்கல் என்னவென்றால், முதலாளிக்கு அந்தக் கசப்பில் நம்பிக்கை இல்லை. மாத்தளைக்கு வெள்ளைக்காரர்கள் வருவதே கறுவாவையும் ஏலத்தையும் முகர்ந்து பார்க்கத்தானே, அப்படியானால் பியரிலும் கறுவாவையும் ஏலத்தையும் போட்டால் என்ன என்பது அவர் கட்சி. அவற்றைப் போட்டால் அது பியர் இல்லை, ஏலம் மணக்கும் வட்டிலப்ப இனிப்பைக் கிளாஸில் ஊற்றியது என்பது ஜெரோமின் கட்சி. வாக்குவாதம் முற்றி, வேலையை விட்டுவிடுவேன் என்கிற இடம் வரைக்கும் போய், கடைசியில் ஓர் ஒப்பந்தத்தில் நின்றது. ஞாயிறன்று சரக்கைத் திறந்து ருசி பார்ப்பது. பிடிக்கவில்லை என்றால், அடுத்த தடவையிலிருந்து கறுவா, ஏலம் எல்லாம்.

ருசி பார்க்க ஜெரோம் தன் தரப்பில் அழைத்த ஆள் நான். ஏன் நான்? வாராவாரம் சாப்பாட்டைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதுகிறேனே... அந்தத் தகுதிதான்.

ஹோட்டலின் வெளிவிறாந்தையில் மேசை போட்டிருந்தார்கள். கீழே வயல், அதற்கப்பால் ரயில் பாதை. ஒரு ஓரத்தில் வெளிநாட்டு ஜோடி ஒன்று காலைச் சாப்பாட்டை மதியம் வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. மேசையில் காரம் போட்டு டெவல் பண்ணிய கஜு, அதுதான் முந்திரி, ஒரு தட்டு. முதலாளி புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். ஜெரோம் உட்காரவே இல்லை. துணியால் ஏற்கெனவே துடைத்த கிளாஸையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. அதிலிருந்து கிறிஸ்டினா இறங்கினார்.

கிறிஸ்டினா, ஜெரோமின் மனைவி. அவர் அங்கே வந்ததைப் பார்த்து நான் கஜுவைக் கீழே போட்டுவிட்டேன். ஏனென்றால், கணவர் அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஹோட்டல் படியை அவர் மிதித்ததில்லை.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அப்பா குடித்தே செத்தார். வாய்க்கால் ஓரத்தில் விழுந்து கிடக்கும் அப்பாவை, அம்மாவும், பாடசாலை வெள்ளைச் சட்டையோடு மகளும் போய்த் தூக்கிக்கொண்டு வருவார்களாம். அந்த வாசம் என் வீட்டு வாசற்படிக்குள் வரக்கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னவர். ஜெரோம் வேலை முடிந்ததும் ஹோட்டலிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். சண்டை இல்லை. ஆனால் அந்த வேலையைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் இல்லை.

மனைவியைக் கண்டதும் ஜெரோம் சட்டை மாற்ற உள்ளே ஓடப் பார்த்தார். "இருங்க. சட்டைக்கு ஒண்ணும் ஆகல" என்று கிறிஸ்டினா நிறுத்தினார். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்து, சுகம் கேட்டார். நான் ஆச்சரியத்தை மறைக்கத் தெரியாமல், நீங்கள் எப்படி இங்கே என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டு நாளா இவரு சரியா சாப்பிடல, தூங்கல. என்னான்னு கேட்டா கறுவாக் கதையையும் கசப்புப் பூக் கதையையும் சொன்னாரு. யாரு ருசி பார்க்கிறான்னு கேட்டேன். நீங்கன்னு சொன்னாரு. அதான் வந்தேன்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு கணம்தான்.

"நீங்க எல்லாத்தையும் நல்லாயிருக்குன்னு எழுதுவீங்க அண்ணே. பழசான ரோல்ஸைக்கூட நல்லாயிருக்குன்னு எழுதினீங்க."

இத்தனை வருடத்தில் என் எழுத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். கிறிஸ்டினா கண்டியில் ஒரு தேயிலைக் கம்பனியில் டேஸ்டர். ருசி பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். காலையில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார்கள். விழுங்குவதில்லை. ஊறவைத்து வடித்த தேநீரை அவர்கள் பாஷையில் 'லிக்கர்' என்றுதான் சொல்வார்களாம். ஆக, குடிக்கு எதிரான நம் கிறிஸ்டினா தினமும் லிக்கர் ருசி பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறார்!

ஜெரோம் ஊற்றினார். நிறம்? பால் விடாத, சாயம் நன்றாக இறங்கிய பிளேன்டீயை வெயிலில் தூக்கிப் பிடித்த மாதிரி. மேலே வெள்ளையும் இல்லாத, மஞ்சளும் இல்லாத கெட்டி நுரை. கிளாஸ் பனி பிடித்து வியர்த்திருந்தது. முதலாளி ஒரு மிடறு குடித்தார். நானும் குடித்தேன்.

என்ன சொல்வது... குளிர். அதற்குப் பிறகு கசப்பு. பாகற்காய்ச் சுண்டலை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வாயில் போட்ட மாதிரி. வேறு எதுவுமே தெரியவில்லை. முதலாளி உதட்டைத் துடைத்துக்கொண்டு, கறுவா போட்டால் சரியாகிவிடும் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அவர் முகத்தில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. அவருக்கும் இது முதல் சரக்கு அல்லவா?

ஜெரோம் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல 'நல்லாயிருக்கு' என்று சொல்ல வாயெடுத்தேன். கிறிஸ்டினா என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"இவ்வளவு குளிர்ல ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் வெளிய வைங்க" என்றார் கிறிஸ்டினா. பிறகு ஒரு தேக்கரண்டியும், ஒரு வெறும் பாத்திரமும் கேட்டார்.

காத்திருந்தோம். கண்டிப் பக்கம் போகிற ரயில் ஒன்று கடந்து போனது. முதலாளி கறுவா விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, யாரும் கேட்காததால் நிறுத்திவிட்டார். கிளாஸின் வியர்வை காய்ந்தது. கிறிஸ்டினா கிளாஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். சிறு வயதில் எந்த வாசத்துக்குப் பயந்தாரோ, அதே குடும்பத்து வாசம் அல்லவா அது? கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் முகர்ந்தார். பிறகு கண்ணைத் திறந்து, "இது அது இல்ல" என்றார்.

ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டார்.

கரண்டியால் எடுத்தார். சர்ரென்ற அந்தச் சத்தத்தில் வெளிநாட்டு ஜோடி திரும்பிப் பார்த்தது. வாய்க்குள் சுழற்றினார். பாத்திரத்தில் துப்பினார். இன்னொரு தடவை. மறுபடி துப்பினார். கம்பனியில் நூறு கிண்ணங்களுக்கு முன்னால் நிற்கிறவரின் முகம் இப்போது வந்துவிட்டது. மனைவி போய், டேஸ்டர் வந்து உட்கார்ந்திருந்தார்.

முதலில் கித்துள் கருப்பட்டி வருகிறது என்றார். பிறகு பேக்கரிப் பாணின் கருகிய ஓரம். அதற்கு மேலே நாரத்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வருகிற வாசம். கசப்பு கூடத்தான், ஆனால் இனிப்பு அதைத் தாங்கிப் பிடிக்கிறது, அதனால் கெடுதல் இல்லை என்றார். நான் அவசரமாக என் கிளாஸை எடுத்துக் குடித்தேன். அட... எல்லாம் இருந்தது! கருப்பட்டி, பாண், நாரத்தங்காய், எல்லாமே. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இவையெல்லாம் எங்கே ஒளிந்திருந்தன? முதலாளியும் குடித்தார். புருவம் உயர்ந்தது. மறுபடி குடித்தார். கஜுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆனா ஒரு குறை இருக்கு" என்றார் கிறிஸ்டினா.

ஜெரோம் கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்தார்.

"கடைசியில பச்சை வாசம் ஒண்ணு நாக்குல நிக்குது. கொழுந்தைச் சரியா வாட்டாம அரைச்ச டீயில வர்ற மாதிரி. அந்தப் பூவை ரொம்ப நேரம் ஊறவிட்டுட்டீங்களா?"

ஜெரோம் ஆமாம் என்று தலையாட்டினார். தாங்கியிலிருந்து பூவை எடுக்க வேண்டிய நாளில் நான் இங்கே இல்லை, அட்டனில் இருந்தேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அட்டனில் கிறிஸ்டினாவின் அக்கா மகனுக்கு ஞானஸ்நானம். குடும்பமாகப் போய், தங்கி, மூன்றாம் நாள்தான் திரும்பியிருக்கிறார்கள்.

கிறிஸ்டினா கரண்டியைக் கீழே வைத்தார்.

"சொல்லியிருந்தா நான் மட்டும் போயிருப்பேனே."

"இந்த வேலையைப் பத்தி ஒங்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார் ஜெரோம்.

முதலாளிக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் என்ன நடக்கிறது என்பது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். எழுந்து போய் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமே சொல்லுங்க" என்றார் கிறிஸ்டினா. "நான் குடிக்க மாட்டேன். வீட்டுக்கும் கொண்டுவராதீங்க. ஆனா அடுத்த தடவை தாங்கியைத் திறக்கிறதுக்கு முன்னால என்னைக் கூப்பிடுங்க. பூவை எப்ப எடுக்கணும்னு நான் வந்து சொல்றேன்."

ஜெரோம் சிரித்தார். பாடகர் குழுவில் இத்தனை காலம் அவர் பக்கத்தில் நிற்கிறேன், அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. பல் தெரிய, காது வரைக்கும்.

கறுவா? முதலாளி திரும்பி வந்து, தானே அந்தப் பேச்சை எடுத்து, தானே முடித்தும் வைத்தார். கறுவாவைக் கேக்கில் போட்டுக்கொள்ளலாம் என்றார். வெளிநாட்டு ஜோடி, கிறிஸ்டினாவைக் காட்டி, இவர் கரண்டியால் குடிக்கிறாரே, அது என்ன பானம் என்று கேட்டது. ஆளுக்கு ஒரு கிளாஸ் போனது. ஜோடியில் இருந்த பெண் குளிர் போகட்டும் என்று கிறிஸ்டினாவைப் பார்த்து அதே மாதிரி காத்திருந்து, அதே மாதிரி சர்ரென்று உறிஞ்சிப் பார்த்து, புரையேறிச் சிரித்தார். ஆனால் துப்பவில்லை. இரண்டாவது கிளாஸும் கேட்டார்கள்.

சரி, என் விமர்சனம்? இந்தப் பக்கத்தில் முதன்முறையாக ஒரு குறையோடு எழுதுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அழகான நிறம். மூக்கைத் துளைக்கும் வாசம். வறுத்த பார்லியின் இனிப்பும் பூவின் கசப்பும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல், ஆனால் ஒன்றாகவே இறங்குகின்றன. முடிவில் பச்சை வாசம் ஒரு சொட்டு அதிகம். குளிர் விட்ட பிறகு குடிக்கவும். கடைசி மூன்று வரியும் கிறிஸ்டினாவிடம் வாங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரிகிற நேரத்தில் எனக்கு ஓட்டோ கிடைக்கவில்லை. முதலாளி மூன்று கிளாஸ் முடித்து உற்சாகத்தில் இருந்தார். ஜெரோமும் நானும் அதற்குக் குறைச்சல் இல்லை. முதலாளிக்கு டவுனில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டுமாம். கிறிஸ்டினா கார்ச் சாவியை எடுத்து, ஏறுங்கள் என்று பொதுவாகச் சொன்னார். நாங்கள் மூவரும் பாடசாலைப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக ஏறி உட்கார்ந்து, பெல்ட்டையும் போட்டுக்கொண்டோம். ஜெரோம் பாட ஆரம்பித்தார். நான் இரண்டாம் குரல். முதலாளி சிங்களத்தில் என்னவோ பாடினார். மூன்றும் மூன்று பாட்டு.

கிறிஸ்டினா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கியரை மாற்றினார்.

ஒரு சொட்டும் விழுங்காதவர்தான் அன்று எங்கள் எல்லோரையும் வீடு சேர்த்தார்.