சட்டத்தரணியின் சீப்பு

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைத் தொலைபேசி திருடியதாகப் பிடித்தார்கள். அவன் தாயோடு நானும் சிறுவர் நீதிமன்றத்துக்குப் போனேன். முழங்கால் வலியால் சாய்ந்து நடந்துவந்த பெண் சட்டத்தரணி, தன் கறுப்புக் கோட்டிலிருந்து சீப்பொன்றை எடுத்து, கைவிலங்கோடு வாசலில் நின்ற பையனிடம் நீட்டினார். தாய் அதை வாங்கப் போனாள்.

"விடுங்கோ அம்மா, உங்கட மகன் தன்ர தலையைத் தானே வாரி இழுக்கட்டும்" என்றார் சட்டத்தரணி.

பிறகு பொலிஸ்காரரிடம் சிங்களத்தில், "விலங்கைக் கழற்றுங்கோ" என்றார்.

"ஓடிடுவான், மேடம்."

"ஓடினா நான் துரத்திப் பிடிக்கிறன். விசாரிக்க முதலே பிள்ளையைக் கள்ளனாக்கி உள்ள கொண்டுபோக விடமாட்டன்."

உள்ளேயிருந்து பையனின் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டும் சட்டத்தரணி வாசலை விட்டு அசையவில்லை. கடைசியில் விலங்கு கழன்றது.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அன்று, அவன் உச்சி பிரித்து வாரி முடிக்கும்வரை நீதவானும் காத்திருந்தார்.