அக்காவின் கோல் சத்தம்

பர்லியாரில் மங்குஸ்தான் காலம் வந்தால் என் விரல் நுனியெல்லாம் ஊதாவாகிவிடும். ஒரு பழத்தை அழுத்திப் பிளந்து, உள்ளே சுளை வெள்ளையாக இருப்பதைக் காட்டினால்தான் காரில் வருகிறவர்கள் வாங்குவார்கள். அந்தக் கறை சோப்புக்குப் போகாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் என் கையைப் பார்க்கிறார்கள். நான் முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வேன்.

போன வாரம் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கி வந்து, "அக்கா, இனிப்பா இருக்குமா?" என்று கேட்டாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயதுதான் இருக்கும். இருந்தும் அக்கா என்றாள். நான் பழத்தைப் பிளந்துகொண்டிருந்தபோது அவள் கையிலிருந்த போன் திடீரென்று கத்தியது. ஒரு பெரிய கூட்டம் ஓவென்று கூவி, அதற்கு மேலே ஒரு விசில் நீளமாக ஊதும் சத்தம்.

என் வலது கை பழத்தோடு தலைக்கு மேலே போய்விட்டது. நான் தூக்கவில்லை, அதுவாகவே போனது. சாறு முழங்கை வழியாக வழிந்தது.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணுமில்லீங்க. ஈ."

அவள் சிரித்துவிட்டு, "லேடீஸ் ஃபுட்பால்க்கா, மேட்ச் ஓடுது" என்றாள். எனக்குத் தெரியாதது போல "அப்படிங்களா" என்றேன். பழத்தை வாங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். அந்தக் கார் திரும்பிய வளைவைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். ஏன் என்று சொல்கிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. எட்டாவதோடு நின்றவள். கேட்கிற உங்களுக்குத்தான் பொறுமை வேண்டும்.

எங்களுக்குச் சேரம்பாடிப் பக்கம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அம்மா, ராணி அக்கா, நான். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இல்லை. அந்தப் பக்கம் பாதிப் பேர் மலையாளம் பேசுவார்கள், பந்து என்றால் அவர்களுக்கு உயிர். ஆம்பளைகள் ஆடும் உலகக் கோப்பை வந்தால் டீக்கடை முக்கில் அர்ஜென்டினாவுக்கு ஒரு ப்ளெக்ஸ், எதிரே பிரேசிலுக்கு அதைவிட உயரமாய் ஒரு ப்ளெக்ஸ். மழையில் கிழிந்து தொங்கும்வரை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். அந்த வருஷம் பெண்கள் உலகக் கோப்பை வந்தபோது முக்கு வெறுமனே கிடந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்களிடம் நேராகவே கேட்டாள்.

"எங்கடா ப்ளெக்ஸ்?"

"பொம்பளைங்க ஆடற பந்தை எவன் சேச்சி பாப்பான்?"

"ஏன்டா, ஆம்பள ஒதைச்சா மட்டும் பந்து கூடுதலா உருளுமா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்துச் சிரித்துப் பாலைக் கொட்டிவிட்டார்.

அக்கா பந்தாடியவள் இல்லை. தொட்டதுகூட இல்லை என்று நினைக்கிறேன். போன் வாங்கிய புதிதில் எதையோ தேடப் போய், ஒரு பெண் சேற்றில் விழுந்து எழுந்து ஓடி கோல் போடும் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. அதிலிருந்து பைத்தியம். கோல் விழுந்தால் தானாகச் சத்தம் போடும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றி வைத்திருந்தாள். ஆட்டங்கள் நடந்த நாட்டில் சாயங்காலம் ஆடினால் நமக்கு மதியம், நாங்கள் மலையில் இலை வெட்டும் நேரம். போனைத் தலைத்துணிக்குள் செருகி இறுக்கிக் கட்டிக்கொள்வாள். தேயிலைச் செடி நிரையில் நாங்கள் எல்லோரும் கத்தரியோடு குனிந்திருக்க, அவள் மண்டைக்குள்ளிருந்து திடீரென்று ஒரு ஊரே கத்தும். கத்தினால் எல்லோரும் ஒரு கையைத் தூக்க வேண்டும், நான் மட்டும் "கோல்!" என்று கூவ வேண்டும். இது அக்கா போட்ட சட்டம். மேஸ்திரி ஓடி வருவார்.

"யாரு தலையில ரேடியோ?"

"எனக்குத் தலவலிங்க மேஸ்திரி, உள்ள இடிக்குது" என்பாள் அக்கா.

எந்த நாடு ஆடினாலும் தோற்கிற பக்கம்தான் அவள் பக்கம். "ஜெயிக்கிறவளுக்குக் கை தட்ட ஊரே இருக்கு. தோக்கறவளுக்கு ஒரு ஆளாவது வேணாமாடி?" என்பாள். அதனால் பாதி ஆட்டத்தில் கட்சி மாறிவிடுவாள். அதற்கே எங்களுக்குள் சண்டை வரும்.

ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கூடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து அம்மா கூட இருந்தாள். நான் லயத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொலம்பியா ஜெர்மனியைக் கடைசி நிமிஷத்தில் அடித்தது. அடுத்த நொடி அக்காவின் போன். "பாத்தியாடி! பாத்தியாடி!" என்று கத்தினாள். பின்னால் யாரோ அதட்டினார்கள். "நர்ஸம்மா திட்டுது, வைக்கிறேன். பைனல் வரைக்கும் ஒண்ணு விடாம பாக்கணும், ஆமா" என்றாள். நான் சரி என்றதும் வைத்தாள். மறுநாள் அவளை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். இதைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

துக்க வீட்டில் டீவி போடக்கூடாது. போர்வையைப் போட்டு மூடிவிட்டார்கள். தாளிக்கிற வாசனைகூட வரக்கூடாது என்பார்கள், பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்தது. அம்மா சுவரோடு சாய்ந்து படுத்தே கிடந்தாள். இனி சொல்வதுதான் எனக்குச் சொல்லக் கூசுகிறது. அந்த நாட்களில் நான் அழுதேன், உண்மையாகத்தான் அழுதேன். ஆனால் அழுகைக்கு நடுவில் இன்றைக்கு யார் யாரோடு ஆடுகிறார்கள் என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. வயிறு பசிப்பது போல அதுபாட்டுக்கு ஓடியது. தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று குடத்தோடு போய், பைப்படியில் நின்று அக்காவின் போனைப் பார்ப்பேன். குடம் நிரம்பி வழியும். திரும்பி வந்து முகத்தைத் தொங்கப்போட்டு உட்காருவேன்.

பதினாறாம் நாள் காரியம் சுதந்திர தினத்தில் வந்தது. தோட்டத்துக்கு லீவு, லயம் முழுக்க வந்திருந்தது. படையல் வைக்கும்போது பெரியம்மா, "அவ ஆசைப்பட்டதெல்லாம் வைங்க, ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது" என்றாள். பரோட்டா வைத்தார்கள், பன் வைத்தார்கள், பச்சைச் சுங்குடிச் சேலை வைத்தார்கள். நான் அவள் போனைக் கொண்டுவந்து போட்டோவுக்கு முன்னால் சாய்த்து வைத்தேன். "நல்லதாப் போச்சு, அதுமேல உசுரா இருந்தா" என்று பெரியம்மா கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் துடைத்தார்கள்.

அன்றைக்கு அரையிறுதி. ஸ்பெயினும் ஸ்வீடனும். காலையிலேயே போனை முழுசாகச் சார்ஜ் போட்டு, ரீசார்ஜும் செய்து வைத்திருந்தேன். யார் ஜெயிக்கிறார்கள் என்று திரை மின்னும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படையலில் பாதி எனக்காக வைத்தது. சத்தத்தை ஏன் அணைக்கவில்லை? தோன்றவில்லையா, இல்லை இருக்கட்டும் என்று விட்டேனா? எனக்கே இன்னும் தெரியவில்லை.

மத்தியானமே முடிந்திருக்க வேண்டிய காரியம். தாய்மாமன் வராமல் தீபம் காட்ட முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மாமா இதே பர்லியாரில், லாரி ஒன்று குறுக்கே மாட்டி நின்றதால் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார். வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. "மன்னிச்சுக்கங்க, ரோட்டுல ஒரு ஈ நகரலீங்க" என்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். தீபம் காட்டினார். ஒரு சின்ன இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து எதிர்க் கூரைத் தகரத்தின்மேல் வைத்துவிட்டு எல்லோரும் "கா, கா" என்று கூப்பிட்டார்கள். காக்கை வந்து எடுக்கும்வரை படையலை யாரும் தொடக்கூடாது. செத்தவர்தான் காக்கையாய் வருவார், அவர் தின்ற பிறகுதான் மற்றவர்களுக்கு.

தூறல். காக்கை வரவில்லை. "ராணீ, வாம்மா கண்ணு" என்று அம்மா கூப்பிட்டாள். பதினாறு நாளில் அவள் வாசலுக்கு வந்தது அப்போதுதான்.

அந்த நேரம் போன் கத்தியது.

சேரம்பாடியில் காற்று அடித்தால் டவர் போய்விடும். தூறினால் போய்விடும். அன்றைக்கு மட்டும் போகவில்லை. கூட்டம் ஓவென்று கூவியது, விசில் ஊதியது. நான் துள்ளி எழுந்து, "கோல்!" என்று கூவிவிட்டேன். எங்களோடு நிரையில் இலை வெட்டும் ஒரு பெண்ணின் கையும் பாதி உயர்ந்து, பிறகு தலைமுடியைச் சரிசெய்தது. மற்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது கொதித்தது. அதைவிட மோசம், வாய் ஓரத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது. அதை எப்படி விழுங்குவது என்று தெரியவில்லை.

"அத அமத்துங்கடி!" என்றார் ஒருவர்.

"தொடாதீங்க! காக்கா எடுக்கல!" என்று பெரியம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

யாரும் தொடவில்லை. போன் தானாக ஓய்ந்தது. மறுபடி கா, கா. கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கை வந்தது. ஒற்றைக் காக்கை. தகரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்தது. அம்மா மூச்சே விடவில்லை. அப்போது ஸ்வீடன் ஒரு கோல் போட்டது. சத்தம் கேட்டுக் காக்கை இரண்டு தத்துத் தத்தியது, ஆனால் பறக்கவில்லை. மறுபடி இலைப்பக்கம் வந்தது. அலகை நீட்டியது. இந்த இடத்தில் ஸ்பெயின்காரிகள் சும்மா இருந்திருக்கலாம். உடனே இன்னொன்று போட்டார்கள். கூட்டம் கூவ, காக்கை எழுந்து பள்ளத்துப் பக்கம் பறந்து போனது. பிறகு வரவில்லை. வேறு காக்கையும் வரவில்லை. கடைசியில் மாமா தொட்டுக் கும்பிட்டு, இலையை மாட்டுக்கு வைத்து முடித்தார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. வாசற்படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"சாப்பிட வந்த புள்ளைய வெரட்டி வுட்டுட்டியேடி."

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பைனல் நடந்த ஞாயிற்றுக்கிழமை போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி வைத்தேன். ஒன்று விடாமல் பார்க்கச் சொன்னவளுக்குக் கொடுத்த வாக்கும் போனது. யார் ஜெயித்தார்கள் என்றுகூட டீக்கடைப் பையன் சொல்லித்தான் தெரியும். அம்மா தினமும் ஒரு உருண்டைச் சோறு அந்தத் தகரத்தில் வைத்தாள். ஒருநாள் காக்கை வந்து எடுத்ததாம். பெரியம்மாவிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை. வேலையிலிருந்து வரும்போது அவள் என் தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருப்பாள், ஆனால் "சாப்பிடு" என்ற சொல் வராது. எப்போது பேச ஆரம்பித்தாள் என்று ஞாபகமில்லை. உப்பு வாங்கி வா என்றோ என்னவோ, அப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

அப்புறம் தோட்டம் நின்றது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் மாமா இருக்கும் மேட்டுப்பாளையத்தில் மாடியில் ஒரு அறைக்கு வந்தோம். இப்போது தினமும் பஸ் ஏறி இங்கே பழக்கடைக்கு வருகிறேன். போன தடவை சேரம்பாடிப் பக்கம் போனபோது எங்கள் வரிசைக்குச் சுவர்தான் இருந்தது. தகரத்தையெல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே லன்டானாப் புதர் முளைத்திருந்தது.

அம்மா மாடியிலும் சோறு வைக்கிறாள். புறாதான் வருகிறது. கூட்டமாக வந்து தின்றுவிட்டுப் போகிறது. ஆடி அமாவாசைக்குப் படையல் வைத்துவிட்டு வெகுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"அந்த லயமும் போச்சு, தகரமும் போச்சு. இந்த ஊரு அவளுக்குத் தெரியாதுல்ல. எங்கன்னு வந்து தேடுவா?"

நான் சோற்றைச் சுற்றி வந்த புறாவைக் கையால் ஓட்டினேன்.

"அந்தச் சத்தம் இருக்குல்ல. அவ தலைக்குள்ள கத்துமே. அத ஒருக்கா போடேன். கேட்டா வந்துருவா."

அரிசி டின்னிலிருந்து எப்போதோ எடுத்து வைத்த அக்காவின் போனில் பேட்டரி உப்பி, மூடி பிளந்து கிடந்தது. கடையில் கொடுத்துப் பார்த்தேன், உயிர் வரவில்லை. என் போனில் அதே ஆப்பை ஏற்றினேன். இப்போது கோல் விழுந்தால் சொட்டுத் தண்ணீர் மாதிரி ஒரு சின்னச் சத்தம்தான். மாடியில் நின்று அதைப் போட்டுக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, "இது இல்ல" என்றாள்.

அதனால்தான் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே சத்தம். அதே கூட்டம், அதே விசில். அவள் போனில் பழைய ஆப் மாற்றாமல் இருக்கிறது போல. "ஒருக்கா திருப்பிப் போடுங்க, என் போன்ல பிடிச்சுக்கறேன்" என்று கேட்டால் போதும். சிரித்த முகம், தந்திருப்பாள். வாய்வரை வந்தது. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வேன்? காக்கையைக் கூப்பிட என்றா? கறுத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ஈ" என்றேன்.

சாயங்காலம் போனால் அம்மா கேட்பாள், அந்தச் சத்தம் கிடைத்ததா என்று. தினமும் கேட்கிறாள். அன்றைக்கும் கேட்டாள். இல்லை என்று சொன்னேன்.