ஒலிம்பிக் அணிக்குப் பூட்ஸ் மாட்டிவிட்ட ஆறு வருஷம்

கால்பந்து அணியில் 'கிட் மேன்' என்று ஒரு உத்தியோகம் உண்டு; அணி ஜெயித்தால் அவன் போட்டோவில் இருக்க மாட்டான், ஏதாவது விபரீதம் நடந்தால் விசாரணையில் முதல் ஆளாக நிற்பான்.

எனக்கு ஊர் ஆம்பூர். பன்னிரண்டு வருஷம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் டீமுக்கு கோல் கீப்பர். யாருடைய பூட்ஸ் பிய்ந்தாலும் என்னிடம்தான் வரும். அதைப் பார்த்த ஒரு கோச் என்னை முதலில் மாநில அணிக்கும், பிறகு இருபத்துமூன்று வயதுக்குட்பட்ட இந்திய அணிக்கும் கூட்டிக்கொண்டு போனார். ஒலிம்பிக்கில் ஆண்கள் கால்பந்து என்றால் அந்த வயசுப் பசங்கதான் ஆடுவார்கள். ஜெர்சியைத் துவைத்து மடிப்பது, பூட்ஸைத் துடைப்பது, மேட்ச் அன்றைக்கு ஒவ்வொருவன் இடத்திலும் அவனவன் சாமானை எடுத்து வைப்பது, இதுதான் வேலை. வீட்டில் உருது பேசுகிறவன் என்பதால் வடநாட்டுப் பசங்களுக்கும் நான் 'சாதிக் பாய்'தான். மேலே உட்கார்ந்திருப்பவர் கிறுக்குத்தனமாக ஒரு உத்தரவு போட, அதைத் தப்பென்று தெரிந்தே செய்துவிட்டு, சோறு இறங்காமல் நீங்களும் ஒருநாள் உட்கார்ந்திருப்பீர்கள். அப்படியென்றால் இது உங்களுக்குப் புரியும்.

வந்து இறங்கிய பெட்டிகள்

ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு மூன்று வாரம் முன்னால் முகாம் தொடங்கியது. புது ஸ்பான்சர், புது பூட்ஸ் என்றார்கள். நான் இருபத்துமூன்று பசங்களையும் வரிசையாக அட்டைமேல் நிற்க வைத்து, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்து, அளவு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். பெட்டிகள் வந்தன. பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்பது, பத்து. என் பட்டியலை எவனும் பிரித்தே பார்க்கவில்லை. சீனியர் அணியின் பழைய பட்டியலை அப்படியே கம்பெனிக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்குப் பொருந்தவில்லை. அதில் ஒருவன் முரளி, லெஃப்ட் பேக், இடது ஓரத்தில் தடுத்து ஆடுகிறவன். நம்ம மாதனூர்ப் பையன். அம்மா செல்வி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். அவன் கால் ஏழு.

எங்கள் மேனேஜருக்கு கால்பந்து உருண்டை என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. கால்பந்துச் சங்கத்தில் யாருக்கோ வேண்டியவர். பசங்க தங்கள் சொந்த பூட்ஸில் ஆடட்டுமே என்று கேட்டேன். கேமராவில் வேற கம்பெனி பூட்ஸ் தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும் என்றார். அதோடு விட்டாரா? எல்லாருடைய சொந்த பூட்ஸையும் வாங்கி ஒரே பையில் போட்டுப் பூட்டச் சொன்னார். நானே பூட்டினேன். சாவியை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஏழு நம்பர் கால் ஒன்பது நம்பர் பூட்ஸுக்குள் வழுக்கும் சார், திரும்பும்போது கால் போய்விடும், எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஹிந்தியில் சொன்னார், நான் தமிழில் தருகிறேன்:

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்கச் சொல்லு."

மழையில் உரிந்தது

பூட்ஸாவது புதுசு. ஜெர்சி, சீனியர்கள் போட்டுக் கழித்தது. முதுகில் அவர்கள் பேர். புதுசு வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். மத்திய ஆசியாவில் ஒரு நாடு, ஹோட்டல் அறையில் கட்டில்மேல் போர்வை விரித்து, ஒவ்வொரு பேர்மேலும் துணிப்பட்டி வைத்துத் தேய்த்து ஒட்டினேன். மேட்ச் கமிஷனர் முகம் சுளித்துவிட்டு விட்டுவிட்டார்.

முதல் ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் மழை. முரளி இடது ஓரமாக ஐம்பது கெஜம் பந்தோடு ஓடி, ஒரு கிராஸ் போட்டான் பாருங்கள், தலையால் தட்டினால் போதும், கோல். ஒன்றுக்கு ஒன்று சமன். அந்த ஓட்டத்தில்தான் பட்டி உரிந்து விழுந்தது. கீழே இருந்த சீனியர் ஆட்டக்காரர் பேரைப் படித்துவிட்டு, வர்ணனையாளர் கடைசி வரைக்கும் முரளியை அந்தப் பேர் சொல்லியே பாராட்டித் தள்ளினார்.

ஆம்பூரில் அப்போது கம்பெனி டீ டைம். செல்வியும் அவள் லைனில் இருக்கும் பெண்களும் ஒரே போனைச் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எனக்கு போன் வந்தது. மகன் நன்றாக ஆடினான் என்று சந்தோஷப்படத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுத்தேன்.

"ஓடுனது என் புள்ள, எனக்குத் தெரியாதா? பெத்தது நானு, பேரு மட்டும் எவனோடதோவா பாய்?"

பெஞ்சில் உட்கார்ந்த மச்சான்

மைதானத்துக்குள் அணி ஆட்களுக்கு அளவான எண்ணிக்கையில்தான் அடையாள அட்டை தருவார்கள். எங்கள் பிசியோ தாமஸ், கேரளாக்காரர், தங்கமான கை. முதல் ஆட்டத்தன்றே அவருடைய அட்டை "பிரிண்ட் ஆகவில்லை" என்றார்கள். அன்றைக்கு யாருக்கும் அடிபடாததால் தப்பித்தோம். இரண்டாவது ஆட்டத்தன்று வாசலில் நின்ற அதிகாரி பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அதில் தாமஸ் பேரே இல்லை. 'பிசியோ' என்று எழுதிய இடத்தில் மேனேஜருடைய மச்சான் பேர் இருந்தது. அந்த ஆள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர். தாமஸ் தன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ரசிகர்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

அறுபதாவது நிமிஷம். முரளி ஒருவனை மறித்துத் திரும்பினான். அடி ஆணி புல்லில் குத்தி பூட்ஸ் நின்றுவிட்டது, கால் மட்டும் உள்ளே சுழன்றது. முட்டி மடங்கிய சத்தம் பெஞ்சுக்குக் கேட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். எனக்குக் கேட்டது. ரெஃப்ரி பிசியோவைக் கூப்பிட்டுக் கை ஆட்டினார். மச்சான் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகுதான் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உறைத்தது. நான் பாய்ந்து ஓடினேன், கோட்டருகே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். வேலிக்குப் பின்னாலிருந்து தாமஸ், "காலை அசைக்காதே! அசைக்காதே!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். எதிரணி டாக்டர் ஓடி வந்து முட்டியைத் தாங்கிப் பிடித்தார். எங்கள் 'பிசியோ' மெதுவாக நடந்து போய், புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறுகிற பையன் பக்கத்தில் குனிந்து கேட்டார்:

"தண்ணி வேணுமா தம்பி?"

ஒரே ஒரு கையெழுத்து

அந்த ஆட்டமும் போச்சு, அடுத்ததும் போச்சு. ஒலிம்பிக் கதை அதோடு சரி. முரளியைக் காட்பாடியில் ரயிலிலிருந்து நான்கு பேர் தூக்கி இறக்கினோம். வேலூரில் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, முட்டியில் இரண்டு தசைநார் அறுந்திருக்கிறது, ஆபரேஷன்தான் என்றார். பத்து நாள் கழித்து மேனேஜர் என்னைத் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நாற்காலி காட்டினார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, கடைசியில் ஒரு காகிதம் வந்தது.

இங்கிலீஷ் காகிதம். கம்பெனியில் எக்ஸ்போர்ட் ஆர்டர் படித்துப் பழகியவன் நான், மெதுவாகப் படித்தேன். ஆட்டக்காரர் உத்தரவை மீறி, தன் சொந்தப் பழைய பூட்ஸை அணிந்து ஆடியதால் காயம் ஏற்பட்டது. கிட் மேன் இதற்குச் சாட்சி. நான் கையெழுத்துப் போட்டால் ஆபரேஷனுக்குச் சங்கம் பொறுப்பில்லை, மேனேஜரும் பொறுப்பில்லை, எல்லாப் பழியும் கட்டிலில் கிடக்கிற பையன் தலையில். "பூட்டின பைக்குள்ள இருந்த பூட்ஸை அவன் எப்படி சார் போட்டிருப்பான்? சாவி என்கிட்டதானே இருந்துச்சு?" என்றேன். அவர் சிரித்தார். அப்படியானால் நீயே எடுத்துக் கொடுத்தாய் என்று எழுதிவிடலாமா என்று கேட்டார். நான் பேனாவைக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டு எழுந்தேன். பயமா கோபமா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கதவு வரைக்கும் போனபோது பின்னாலிருந்து சொன்னார்:

"யோசிச்சுச் சொல்லு சாதிக். துணி துவைக்க ஆயிரம் பேர் கிடைப்பாங்க."

கம்பெனி பஸ் நின்ற இடம்

ஊருக்கு வந்ததும் நேராக மாதனூர் போனேன். சாயங்காலம் கம்பெனி பஸ் பெண்களை இறக்கிவிடும் இடத்தில் காத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், செல்வி வாயால் 'நீ நல்லவன் பாய்' என்று கேட்கத்தான் போனேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று கையெழுத்துப் போடாமல் வந்தவனாச்சே.

செல்வி டிபன் பையோடு இறங்கினாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஏற்றுமதி ஷூவில் ஒரு தையல் நூலளவு விலகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்படிப்பட்ட வேலை பார்க்கிறவள். முடித்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவனுக்குப் போட்டது எத்தனாம் நம்பர்? ஒன்பது. அவன் பூட்ஸ் எங்கே இருந்தது? பையில். யார் பூட்டினது? நான். கூட இறங்கிய பெண்கள் போகாமல் நின்றுவிட்டார்கள். அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலாம். போடவில்லை.

"சாவி உன் பாக்கெட்ல தானே இருந்துச்சு? அப்புறம் இன்னாத்துக்கு அந்த ஆள்கிட்ட போய் கேட்டுக்கினு நின்ன? தொறந்து குடுத்திருக்கலாம் இல்ல பாய்?"

மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர்

செல்வி அதைக் கேட்கும்வரைக்கும் என் கோபமெல்லாம் மேலே பார்த்தே போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் திரும்பி என்மேல் வந்தது. உத்தரவு உத்தரவு என்று சொல்லி, ஒரு பையன் காலை நானும் சேர்ந்துதான் ஒடித்திருக்கிறேன்.

தாமஸ் சங்கத்துக்கு எழுதினார், கோச்சும் எழுதினார். சென்னையில் விசாரணை வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். இந்தப் பக்கம் நான், தாமஸ், கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்த செல்வி. முரளியின் கால் வரைந்த அட்டையை மேசையில் வைத்து, அதன்மேல் அந்த ஒன்பது நம்பர் பூட்ஸை வைத்தேன். கால் எங்கே, பூட்ஸ் எங்கே. "பையைப் பூட்டினது நான். தப்புன்னு தெரிஞ்சும் தொறக்கல. அதை எழுதிக்குங்க. பூட்டச் சொன்னது யாரு, பிசியோ பேரை அடிச்சது யாரு, அதையும் எழுதிக்குங்க" என்றேன். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆபரேஷனைச் சங்கமே செய்து தரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒன்றுக்காகத்தான் போனோம், அது கிடைத்தது. மேனேஜர் 'உடல்நிலை காரணமாக' விலகிக்கொண்டார். அவருடைய உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருந்ததை நான் பார்த்தேன். வெளியே வரும்போது நால்வரில் ஒருத்தர் என் தோளில் கைபோட்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்:

"தப்பை ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான். அதனால நடவடிக்கையும் உங்க ஒருத்தர் மேலதான் எடுக்க முடியும்."

புதுப் பட்டியல்

எடுத்தார்கள். இப்போது ஆம்பூர் பஜாரில் விளையாட்டு ஷூ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். முரளி நடக்கிறான், நேராக ஓடுகிறான், சட்டென்று திரும்ப மட்டும் முடியாது. லெஃப்ட் பேக்குக்குத் திரும்புவதுதான் பிழைப்பு. அடுத்த தகுதிச் சுற்று வருவதற்குள் வயசும் தாண்டிவிட்டது. வாணியம்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கால்பந்து சொல்லித் தருகிறான், வாரத்தில் இரண்டு நாள் என் கடைக்கு வருவான். செல்வி இன்னும் என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

போன மாசம் புது அணியின் பட்டியல் பேப்பரில் வந்தது. கடைசி வரியில், வேறு ஒரு பெரிய பதவிப் பேரோடு, அதே மேனேஜர். உடம்பு தேறிவிட்டது போலிருக்கிறது! பேப்பரைச் சுருட்டி ரோட்டில் எறிந்து, பஜார் முழுக்கக் கேட்கிற மாதிரி உருதுவிலும் தமிழிலும் திட்டினேன். பக்கத்துப் பிரியாணிக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். முரளி எழுந்து போய், அந்தப் பேப்பரை எடுத்துத் தட்டிப் பிரித்தான். மேனேஜர் பேரை அவன் பார்க்கவே இல்லை. மேலே பசங்க பேர் இருக்கிற இடத்தில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தான்.

"கத்தி பேஜார் பண்ணாதீங்க பாய். இந்தத் தடவ லெஃப்ட் பேக் எந்த ஊருப் பையன்னு பாருங்க, போன் நம்பர் புடிச்சுக் குடுங்க. பூட்ஸ் விஷயத்த அவன்கிட்ட நான் பேசறேன்."

ஆறு வருஷ உத்தியோகத்தில் எனக்கென்று மிஞ்சியது இந்தக் கோபம் ஒன்றுதான், பென்ஷன் மாதிரி மாசம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.