தண்ணீர் ஊற்றாத சாமியார்

உபதேசியார் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஜெபம் சொல்லிக்கொடுப்பது சின்ன வேலை, சாமியாருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் பெரிய வேலை. முப்பதுகளில் கண்டிப் பக்கமெல்லாம் மலேரியாக் காய்ச்சல் பரவியபோது எனக்கு வாய்த்தவர் ஓர் இத்தாலிக் கத்தோலிக்கச் சாமியார். நெட்டையான மனிதர். நடையா அது, ஓட்டம்.

குடை

போகிற வழியில் அக்குறணைக் கடையில் சீனி வாங்குவார். கொயினா மருந்து கசப்பு என்று பிள்ளைகள் துப்பிவிடும், அதற்காக. தனக்கென்று ஒரு சுருட்டுக்கூட வாங்கமாட்டார். ஒருநாள் மழையில் தொப்பலாக நின்றவரைப் பார்த்துக் கடைக்கார முஸ்லிம் நானா மனமிரங்கிப் புதுக்குடை ஒன்றைக் கொடுத்தார். அதைச் சாமியார் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் முதல் லயத்திலேயே ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தார். கூடவே நனைந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும்போது நானாவிடம் முறையிட்டேன். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

“நனையிற ஆளுக்குத்தானே நான் குடுத்த? அது போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கு, உபதேசியார்.”

சாத்திய கதவுகள்

சாகக் கிடக்கும் குழந்தைகளுக்கு, பெற்றவர்கள் சம்மதித்தால், சாமியார் ஞானஸ்நானம் கொடுப்பார். அந்த ஆத்துமாக்கள் மோட்சம் போகவேண்டும் என்றுதான் அவர் கடல் தாண்டி வந்ததே. ஆனால் லயத்துச் சனம் கண்டது வேறு. சாமியார் வருகிறார், நெற்றியில் தண்ணீர் ஊற்றுகிறார், பிள்ளை செத்துப்போகிறது. மடுல்கெல்லப் பக்கத் தோட்டமொன்றில் எங்கள் தலையைக் கண்டதும் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன.

ஒரு கதவு மட்டும் பாதி திறந்திருந்தது. உள்ளே லெட்சுமி என்ற கொழுந்து பறிக்கிற பெண், மடியில் காய்ச்சலில் துவண்ட மகள். மருந்தை நீட்டினேன். அவள் கை நீட்டவே இல்லை.

“ஒங்க தண்ணி பட்ட புள்ள ஒன்னும் பொழைக்கல சாமி. எம்புள்ளய விட்டுருங்க.”

வாக்கு

சாமியாரின் முகம் வெளிறிவிட்டது. ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்தார். பிறகு லெட்சுமியைப் பார்த்து, தண்ணீர் ஊற்றமாட்டேன், மருந்து மட்டும் கொடுக்கிறேன் என்று தெளிவாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஞானஸ்நானம் இல்லாமலே பிள்ளை போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று காதோடு கேட்டேன். அவர் மருந்தில் சீனியைக் கலந்து நீட்டினார்; லெட்சுமி வாங்கிக்கொண்டாள்.

தினமும் போனோம். மூன்றாம் நாள் பிள்ளைக்குக் கண் செருகிவிட்டது. எந்தத் தண்ணீரானாலும் ஞானஸ்நானத்துக்குப் போதும். வாசலுக்கு எதிரிலேயே மலையூற்றுப் பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. லெட்சுமி அழுத அழுகையில் ஒரு கை தண்ணீர் தெளித்திருந்தால் அவளுக்குத் தெரிந்தே இருக்காது. சாமியார் பீலியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படி ஒரு மனிதனை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்னால் வந்து நின்ற தோட்டத்துக் கங்காணி என் காதில் சொன்னார்:

“நாமளா இருந்தா ஊத்தியிருப்போம், உபதேசியாரே.”

கஞ்சி

அடுத்த கிழமை பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. சாத்தியிருந்த கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன; மருந்துக்கு ஆள் நின்றது. சாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். லெட்சுமி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள்.

“ஏங்க சாமி, தண்ணி ஊத்தாம விட்டதுக்கு மேல இருக்கிற ஆண்டவரு ஒங்களக் கோவிச்சுக்குவாரா?”

சாமியாரின் தமிழ், புத்தகத்தில் படித்த தமிழ். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“கோபித்தால், நான் அவரோடு பேசிக்கொள்கிறேன், அம்மா.”

ஆண்டவரோடு அப்படிப் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடியவர்களுக்குப் பின்னால் பை தூக்குவதுதான், அன்பர்களே, நம் உத்தியோகம்.