தேர்ப்படைக்கு நான் அளித்த தவறான தீர்ப்பு

1. பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி

“எந்த புக்குல கீது சார்?”

அரங்கின் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, நடுவர் இருக்கையிலிருந்த என்னிடம் இவ்வாறு கேட்டார்.

கிழக்குத் தாம்பரத்துப் பள்ளியொன்றில் நான் வரலாற்று ஆசிரியனாக இருந்தேன். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் எஞ்சியிருந்தன. அன்று பள்ளிகளுக்கிடையிலான வினாடி வினா. அரையிறுதியின் கடைசி வினா நான் எழுதியது: போர்க்களத்துக்கு முதலில் வந்தது தேர்ப்படையா, குதிரைமீதேறிப் போரிடும் படையா? செம்பாக்கத்திலிருந்து வந்த செல்வி என்னும் மாணவி, “தேர்ப்படை” என்றாள். தவறென்று தீர்ப்பளித்தேன். அதனால் அவளுடைய அணி வெளியேறியது. பிற்பகல் இறுதிச்சுற்றுக்கு எங்கள் பள்ளி அணி தேர்வாயிற்று.

எழுந்து நின்றவர் செல்வியின் தாய். காலையில் மீன் விற்று முடித்து நேராக அரங்குக்கு வந்திருந்தார்.

“எம்பொண்ணு லைப்ரரில குந்திகினு படிச்சது சார். நீ எதுல பாத்த?”

“பார்த்துட்டு வந்து சொல்றேம்மா” என்றேன்.

2. நான் பார்த்த இடம்

நான் அதை எந்த நூலிலும் படித்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் கேமில் பார்த்திருந்தேன்.

சில மாதங்களுக்கு முன், மாணவர்களிடம் பறித்த சிடி ஒன்றை கம்ப்யூட்டர் லேப் ஆசிரியை விமலா என்னிடம் காட்டினார். “ஹிஸ்டரி கேம் சார், நீங்களே பாருங்க.” ஊரை நிறுவி, உழவும் உலோகமும் கற்று, படை திரட்டிப் பேரரசாக வளர்க்கும் ஆட்டம் அது. மதிய உணவு வேளைகளில் ஆடத் தொடங்கினேன். முதல் நகரில் எடுத்த எடுப்பிலேயே கோயில் கட்டினேன். காவலுக்கு ஒரு வீரனும் இல்லை. கொள்ளையர் புகுந்துவிட்டனர்.

“இன்னைக்கு எந்த ராஜ்யம் போச்சு சார்?” என்று விமலா தினமும் கேட்பார்.

ஆற்றங்கரையில் ஊர்கள் ஏன் செழித்தன, இரும்பு கிடைத்த நாடு ஏன் வலுத்தது என்பவற்றை அந்த ஆட்டம் தெளிவாகக் காட்டியது. அவை நூல்களோடும் ஒத்திருந்தன. ஆகவே, மற்றவற்றையும் நம்பினேன். அதில் குதிரைவீரன் முதலில் வருவான். தேர் பிறகு வரும். அதையே வினாவாக்கினேன். திருப்பதிகத்தில் ஒரு சொல்லுக்குப் பாடபேதம் கண்டால் இரு பதிப்புகளை ஒப்பிடாமல் ஓதாதவன் நான். இந்த வினாவுக்கு ஒரு நூலைக்கூடத் திறக்கவில்லை.

3. மைக்

உணவு இடைவேளையில் பள்ளி நூலகத்தில் இரண்டு நூல்களைப் புரட்டினேன். இரண்டும் ஒன்றையே கூறின: போரில் தேரே முந்தியது, குதிரைமீதமர்ந்து போரிடும் படை நெடுங்காலம் பிந்தியது.

எங்கள் பள்ளி கரஸ்பாண்டென்ட் அறைக்குச் சென்று, நடந்ததைக் கூறித் தீர்ப்பை மாற்ற வேண்டும் என்றேன்.

“அனவுன்ஸ் பண்ணியாச்சு சார். இப்ப மாத்தினா நம்ம பசங்க வெளிய போயிடுவாங்க. கேம் பார்த்து கொஸ்டின் எடுத்தேன்னு சொல்லப் போறீங்களா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும் சார். அந்தப் பொண்ணு சரியா சொல்லியிருக்கா.”

“வேற யாருக்கும் தெரியாதே.”

“எனக்குத் தெரியுமே சார்.”

நான் மேடையேறி மைக்கைப் பிடித்தேன். கேமில் பார்த்ததைச் சரிபாராமல் வினாவாக்கினேன் என்பதையும், செல்வி கூறியதே சரி என்பதையும் அறிவித்தேன். சிரிப்பு எழுந்தது. எங்கள் மாணவர் மூவரும் தலைகுனிந்து இறங்கினர். அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். நடுவர் இருக்கையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

இறுதிச்சுற்றில் செல்வியின் அணி இரண்டாமிடம் பெற்றது. வாசலில் அவளுடைய தாயைக் கண்டு, “மன்னிச்சுக்கோங்கம்மா” என்றேன்.

“அட வுடு சார். அடுத்த வருசம் ஃபர்ஸ்ட்டு வந்துரும்” என்றவர், சற்று நகர்ந்து திரும்பிப் பார்த்தார். “நீயும் படிச்சுட்டு வா.”

அதன்பின் நான் எழுதிய ஒவ்வொரு வினாவின் அருகிலும் நூற்பெயரையும் பக்க எண்ணையும் குறித்தேன். ஆட்டத்தை விடவில்லை. அது எழுப்பும் ஐயங்களுக்கு விடையை மட்டும் நூலகத்தில் தேடினேன்.