குனியாமல் நிற்கப் பழகிய மிமூன்

எங்கள் மலையில் மிமூனைப் போல மனிதர்களோடு ஒத்துப்போகாதவன் வேறொருவன் கிடையாது. மற்ற நாய்களோடு ஒத்துப்போகாத ஒரு குட்டி நாய் அவனிடம்தான் வந்து சேர்ந்தது. ஆண்டவனின் நையாண்டி இது என்று சிலர் சொன்னார்கள். மிமூன் அவர்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

பேச்சை நிறுத்துவது அவனுக்கு ஆடு மேய்ப்பது போல இன்னொரு தொழில். தண்ணீர்த் தொட்டிக்காக அண்ணனோடு பேச்சில்லை. கல்யாணத் தட்டில் தன் பக்கம் எலும்பாகவே விழுந்தது என்று மாமனாரோடு பேச்சில்லை. தொழுகை வரிசையில் முழங்கை இடித்ததற்காக இமாமோடும் பேச்சில்லை, ஆனால் தொழுகைக்கு மட்டும் தவறாமல் போவான். பக்கத்துக் கூடாரத்து விதவை தூதாவோடு இருந்த பகை இந்த வரிசையில் சேராது. அதற்கு உண்மையாகவே ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் மிமூன்தான். அவள் நாய் ஒன்று குரைத்துக்கொண்டு ஓடிவந்தபோது குனிந்து கல்லெடுத்து எறிந்தான். நாய்க்கு இடது கண் போயிற்று. அன்றுமுதல் அதற்கு ஒற்றைக்கண்ணி என்று பெயர். தூதாவின் வாய்க்கு அன்றுமுதல் ஓய்வில்லை.

குனிவது எங்கள் ஆட்களின் பழக்கம். எதிரே நாய் வந்தால் குனிய வேண்டும், கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நடை பழகும் பிள்ளைக்குக்கூட இதைச் சொல்லித்தந்துவிடுவோம். இதில் தப்பு இருக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை. குனிந்தால் நாய் விலகிப் போகிறது, வேறென்ன வேண்டும்?

மிமூனின் கிழட்டு நாய் செத்த பிறகு வந்தது அந்தக் குட்டி. வெள்ளை நிறம், பெரிய பாதங்கள். அம்லால் என்று கூப்பிட்டான். ஆடுகளிடம் அது தங்கம். குட்டிகள் முதுகில் ஏறி மிதித்தாலும் அசையாது. நரி வாடை வந்தால் மயிர் சிலிர்த்து முன்னால் போய் நிற்கும். வேறொரு நாயைப் பார்த்துவிட்டால் மட்டும் வால் வயிற்றுக்கடியில் போய்விடும். தரையோடு தரையாக ஊர்ந்து வந்து மிமூனின் செருப்பிலேயே மூத்திரம் போகும்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாக அது இல்லை. மலையுச்சி மேய்ச்சல் நிலமான மேல்புல்லை வசந்தம் முழுக்க யாரும் மேய்க்காமல் பூட்டி வைப்போம், கோடை தொடங்கும்போது ஒரு நாளில் திறக்கும். எல்லாக் கூடாரத்து மந்தைகளும் ஒன்றாக ஏறும், எல்லா நாய்களும் சுற்றிலும் வளையமாக நிற்கும். போன ஆண்டு நாயில்லாத ஒரு மந்தைப் பக்கமாக நரிகள் புகுந்து ஊரார் குட்டிகளைத் தின்றுவிட்டன. அதனால் சபை முடிவெடுத்தது: வளையத்தில் நிற்கும் நாய் இல்லாதவன் மந்தை மேலே ஏறக் கூடாது. கீழேயே தங்கினால் ஆடுகளுக்குக் காய்ந்த முள்தான் தீனி. பாதி சாகும்.

புல்லுக்குத் தலைவராக அந்த ஆண்டு இருந்தவர் ஹுமாத். அவர் நேரில் வந்தே கேட்டார்.

"ஒன் நாய் நிக்குமா, மிமூன்?"

"நிக்கும்."

"எங்க? ஒன் அங்கிக்குள்ளயா?"

மிமூன் அவரோடும் பேச்சை நிறுத்திக்கொண்டு, ஊரார் வழக்கமாகச் செய்வதையே செய்தான். நாய்கள் கூடும் கிணற்றடிக்குக் குட்டியைத் தூக்கிப்போய் நடுவில் விட்டான். நாலு கடி பட்டால் துணிச்சல் வரும் என்பது எங்கள் கல்வி. குட்டிக்குக் காது கிழிந்தது, துணிச்சல் வரவில்லை. அதன் பிறகு தொலைவில் குரைப்புக் கேட்டாலே சோற்றை விட்டு எழுந்துபோனது.

இதற்கெல்லாம் தூதாவின் நாய்கள்தான் காரணம் என்று முடிவுகட்டி, குட்டியையும் இழுத்துக்கொண்டு சண்டைக்குப் போனான். அவள் கூடாரத்துக்கு எட்டத்தில் நின்று கூப்பிட்டான். நாய்கள் பாய்ந்து வந்தன. குனிந்தான். குட்டி தரையோடு படுத்தது.

தூதா நாய்களை அதட்டி நிறுத்தினாள். இவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"மறுபடி குனி, பாப்போம்."

"நான் என்ன ஒன் வாசல்ல தொழவா வந்தேன்?"

"குனிடான்னா, கண்ணப் பொட்டையாக்கின பாவி!"

கோபத்தில் குனிந்தான். நாய்கள் அசையவே இல்லை, ஆனாலும் குட்டி படுத்துக்கொண்டது. நிமிர்ந்தான், அதுவும் தலையைத் தூக்கியது.

"தெரியுதா? ஒரு நாய் கண்ணுல பட்டா எசமான் தரையத் தடவுறான், கல்லு பறக்குது, எல்லாரும் கத்துறாங்க. வேற நாய்னா பின்னாடியே இடி விழும்னு அது படிச்சு வெச்சிருக்கு. படிச்சுக்குடுத்த வாத்தியாரு நீதான்."

"ஒன் நாய்ங்க பல்லக் காட்டுதே, அதுக்கு என்ன சொல்ற?"

"ஒன்னப் பாத்துக் காட்டுது. எனக்குப் பல்லு இருந்தா நானும் காட்டுவேன்."

அவள் உதவ முன்வந்ததில் கருணை எதுவும் கிடையாது. வளையத்தில் கூடாரங்களின் வரிசை பாட்டன் காலத்தில் முடிவானது. மிமூனின் இடம் காலியானால் ஓட்டை விழுவது தூதாவின் மந்தைப் பக்கம். அதை அவளே சொல்லிவிட்டு, இரண்டு தண்ணீர்க் கேன்களை அவன் கையில் திணித்தாள்.

"ரெண்டு கையிலயும் பாரம் இருந்தா குனிய முடியாது. நட."

அவள் ஒற்றைக்கண்ணியோடு முன்னால் நடந்தாள். மிமூன் நெடுந்தூரம் பின்னால், கேன்களோடு. குட்டியின் கயிறு அவன் இடுப்பில், தொய்வாக. நேருக்கு நேர் வரவிடாமல் ஒரே திசையில், காற்று ஒற்றைக்கண்ணியின் வாடையைக் குட்டியிடம் கொண்டுவரும்படி நடந்தார்கள். குட்டி தரையை மோந்தால், கொட்டாவி விட்டால், அங்கேயே நின்றார்கள். விறைத்துப்போனால் பின்வாங்கினார்கள். எவ்வளவு நெருங்கலாம் என்பதைக் குட்டிதான் தீர்மானித்தது.

"லல்லா தூதா, கழுத நல்லா நடக்குதா?" என்று, அவளுக்கு மட்டும் லல்லா என்ற மரியாதை வைத்து, வழியில் கேட்காதவர் இல்லை.

"ஒதைக்குது. ஆனா தண்ணி வந்துருது" என்பாள்.

தன்னைத் தண்ணீர் சுமக்க வைக்கத்தான் இந்த வேலை என்று மிமூன் சந்தேகப்பட்டான். சந்தேகம் சரிதான். மறுநாள் மாவு மூட்டையையும் சேர்த்துக் கொடுத்தாள். குட்டியின் வால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்ததும் உண்மைதான்.

ஒரு நாள் பாறை மறைவிலிருந்து யாருடையதோ செம்பட்டை நாய் ஒன்று திடீரென்று வந்தது. மிமூன் கேன்களைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தான். குட்டி கயிற்றை உருவிக்கொண்டு கூடாரம்வரை ஓடியது. தூதா திட்டிய திட்டில் முக்கால்வாசி கொட்டிய தண்ணீருக்காக. மறுபடி தொலைவிலிருந்து தொடங்கினார்கள்.

நெருங்கி நடக்கத் தொடங்கிய பிறகு, குட்டி ஒரு காலையில் ஒற்றைக்கண்ணியின் குருட்டுப் பக்கமாகப் போய் முகர்ந்தது. அது திடுக்கிட்டுக் காற்றைக் கவ்வியது. குட்டி துள்ளிப் பின்வாங்கியது. மிமூனின் விரல்கள் கேன் பிடியில் வெளுத்தன, ஆனால் முதுகு வளையவில்லை. குட்டி உடம்பை உதறிக்கொண்டது. பிறகு சுற்றிப்போய், கண் இருக்கும் பக்கமாக வந்து நின்றது. ஒற்றைக்கண்ணி அதன் கிழிந்த காதை நக்கியது. மிமூன் வேறு பக்கம் பார்த்தான். தூதா அவனையே பார்த்தாள். அன்று மாவு மூட்டை இல்லை.

மேல்புல் திறக்கும் நாளில் கணவாயில் மந்தைகள் நெருக்கியடித்து நின்றன. ஹுமாத் பாறைமேல் கோலோடு நின்றார். மிமூனின் கைகள் காலியாக இருந்தன. அவன் அண்ணனின் பெரிய நாய் கால் விறைக்க, அம்லாலை நோக்கி வந்தது.

"தம்பி நாய் இப்ப பறக்கும், பாருங்க" என்றான் அண்ணன்.

மிமூனின் கண் தரையில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டது. முதுகு இறங்கத் தொடங்கியது. பாதியில் தலைப்பாகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான், புயலில் நிற்பவன்போல. கணவாயே சிரித்தது. அம்லால் சிரிக்கும் கூட்டத்தைப் பார்த்தது, மிமூனைப் பார்த்தது. அவன் அதற்குள் நிமிர்ந்துவிட்டிருந்தான். அது தலையைப் பக்கவாட்டில் திருப்பி, பெரிய நாய் முகர்ந்து முடிக்கும்வரை நின்றது. பிறகு தன் முறைக்கு முகர்ந்தது. பெரிய நாய் நகர்ந்துபோய், மிமூன் பார்த்து வைத்த அந்தக் கல்லின்மேலேயே காலைத் தூக்கியது. அம்லாலும் போய்த் தூக்கியது.

ஹுமாத் கோலை அசைத்தார். மிமூனின் மந்தை ஏறியது.

மேலே மந்தைகள் அவரவர் இடத்தில் பரவியதும், அம்லால் வளையத்தில் தன் இடத்தைத் தானே எடுத்துக்கொண்டது. ஒற்றைக்கண்ணியின் குருட்டுப் பக்கத்தில், தூதாவின் எல்லைக்குச் சற்று உள்ளே.

"ஏ தூதா! என் நாய ஒன் பக்கம் இழுக்குறியா?"

"நான் எங்க இழுத்தேன்? வேணும்னா தூக்கிட்டுப் போ. குனிஞ்சு தூக்கணும், அவ்வளவுதான்."

மிமூன் அருகில் வந்து நின்றான். இரண்டு நாய்களும் அவனை அண்ணாந்து பார்த்தன, மூன்று கண்களால். அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவளையும் அவள் பரம்பரையையும் திட்டிக்கொண்டே திரும்பிப் போனான்.